பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வேலை முதல் முறையாக உங்கள் பொறுப்பில் வந்திருக்கிறதா?

பள்ளி திறந்த முதல் வாரம். எச்.எம். அறைக்குக் கூப்பிட்டு, "டீச்சர், இந்த வருஷம் டென்த் எக்ஸாம் வேலைய நீங்க பாத்துக்குங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். மார்ச், ஏப்ரலில் பத்து நாள் அலைச்சல் இருக்கும் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

உண்மையில் தேர்வு நாட்கள்தான் இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. பெரும்பகுதி ஜூலைக்கும் பிப்ரவரிக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாமல், பாடவேளைகளுக்கு இடையிலும் இரவு வீட்டிலும் நடக்கிறது. அந்த மாதங்களில் விட்ட பிழை மார்ச்சில் திருத்த முடியாததாக வந்து நிற்கும். அப்படி ஒரு பிழையை நான் விட்டேன். அதன் சுமையை ஒரு மாணவி சுமந்தாள். இன்னொரு ஆசிரியருக்கும் இன்னொரு பிள்ளைக்கும் அப்படி நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. கீழே இருப்பது தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பள்ளி அளவில் செய்ய வேண்டிய வேலை. தேதியும் படிவமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் இருப்பதே செல்லும். இதை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

1. முதலில் ஆணையும் கடவுச்சொல்லும்

வாய்வார்த்தையாகச் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். அரைப்பக்க அலுவலக ஆணை போதும். 'பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பணிகளுக்கு இன்னார் பொறுப்பு, இன்னார் துணை' என்று இருக்க வேண்டும். இதில் இரண்டாவது பெயரை விட்டுவிடாதீர்கள். தேர்வு எழுதுவோர் பெயர்ப்பட்டியலை ஒருவரே தட்டச்சு செய்து அவரே சரிபார்த்தால் பிழை தப்பிவிடும். அதோடு, நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில்தான் 'இன்று மாலை ஐந்து மணிக்குள் பதிவேற்றவும்' என்று தகவல் வரும்.

அடுத்தது, மாணவர் விவரங்களைப் பதியும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்துக்கும் தேர்வுகள் இயக்ககத் தளத்துக்குமான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அன்றே உள்ளே போய்ச் சோதியுங்கள். எந்தக் கைப்பேசி எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பள்ளியில் அது முந்தைய தலைமை ஆசிரியரின் எண். அவர் மாறுதலாகிப் போய் ஓராண்டு ஆகியிருந்தது. ஒவ்வொரு முறை ஓ.டி.பி. வரும்போதும் அவரை அழைத்து, அவர் வகுப்பில் இருந்தால் காத்திருந்து, சொல்வதற்குள் நேரம் முடிந்து, மறுபடி அழைத்து... இரண்டு மாதம் இப்படி ஓடியது. ஜூனில் ஒரு கடிதம் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

2. காலண்டரைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

2025இல் பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 28இல் தொடங்கி ஏப்ரல் 15இல் முடிந்தது. மே 16 அன்று முடிவு வந்தது. உங்கள் ஆண்டின் தேதி அறிவிக்கப்பட்டதும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். எழுத்துத் தேர்வுக்கு முன்னால் அறிவியல் செய்முறைத் தேர்வு. அதற்கு முன்னால் திருப்புதல் தேர்வுகள். அதற்கும் முன்னால் அரையாண்டுத் தேர்வு. பெயர்ப்பட்டியல் வேலை காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவில் உச்சத்துக்கு வரும். விடைத்தாள் திருத்தி மதிப்பெண் ஏற்ற வேண்டிய அதே வாரங்களில்தான் இதுவும் வந்து சேரும்.

ஆகவே பட்டியலுக்கான ஆவணங்களை ஜூலை, ஆகஸ்டிலேயே திரட்டி முடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு வாரம்தான் கையில் இருக்கும். ஆவணம் திரட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை.

3. பெயர்ப்பட்டியல்: இதில்தான் எல்லாம் இருக்கிறது

நாமினல் ரோல் என்று நாம் சொல்லும் இந்தப் பட்டியலில் உள்ளதுதான் ஹால் டிக்கெட்டில் வரும். அதுதான் விடைத்தாளின் முகப்புத் தாளில் வரும். அதுவே மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். அந்தச் சான்றிதழைப் பிறந்த தேதிக்கும் பெயருக்கும் ஆதாரமாகக் காட்டித்தான் அந்தப் பிள்ளை கல்லூரி, வேலை, பாஸ்போர்ட் என்று எல்லா இடத்துக்கும் போகும். பத்து ஆண்டு கழித்து நீங்கள் எந்தப் பள்ளியில் இருப்பீர்களோ தெரியாது. நீங்கள் விட்ட ஒற்றைப் புள்ளி மட்டும் அந்தப் பிள்ளையோடேயே இருக்கும்.

ஒவ்வொரு மாணவருக்கும் வாங்க வேண்டியவை:

- பிறப்புச் சான்றிதழ் நகல்
- ஆதார் நகல்
- வேறு பள்ளியிலிருந்து வந்தவர் என்றால் மாற்றுச் சான்றிதழ்
- சாதிச் சான்றிதழ்
- அண்மையில் எடுத்த புகைப்படம், சீருடையில், வெற்றுப் பின்னணியில்
- பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம்
- தற்போது பயன்பாட்டில் இருக்கும் கைப்பேசி எண்

இவற்றைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே பிள்ளையின் பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருப்பது சாதாரணம். ஆதாரில் 'மகாலெட்சுமி', பிறப்புச் சான்றிதழில் 'மகாலட்சுமி', பதிவேட்டில் 'மஹாலட்சுமி'. எதை எழுதுவது? உங்கள் இஷ்டத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெற்றோரை வரவழைத்து, எந்த ஆவணம் மாற வேண்டும் என்று முடிவு செய்து, மாற்றத்துக்கான மனுவை ஆகஸ்டுக்குள் கொடுக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் அச்சாகிவிட்ட பிறகு பெயரையே மாற்ற வேண்டுமானால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும்.

அதிகம் பிழை வரும் இடங்கள் எனக்கு இப்போது மனப்பாடம். முதலாவது தலைப்பெழுத்து. தந்தை பெயர் குமார் என்றால் தமிழில் 'கு', ஆங்கிலத்தில் 'கே'. இதைத் தமிழில் 'கே.' என்றே தட்டிவிடுகிறோம். இரண்டாவது ந, ன; ர, ற; ல, ள, ழ. 'கனிமொழி'யைக் 'கனிமொலி' என்று தட்டினால் கண் அதைச் சரியாகவே படித்துக்கொண்டு போகும்; பழகிய பெயர்களில் கண் ஏமாற்றும். மூன்றாவது ஆங்கில எழுத்துக்கூட்டல். ஓர் 'எச்' கூடினாலும் குறைந்தாலும் வங்கிக் கணக்கோடு பொருந்தாது. நான்காவது தாய் பெயர். இதை யாருமே திரும்பிப் பார்ப்பதில்லை. ஐந்தாவது, பயிற்று மொழி. தமிழ் வழி மாணவரை ஆங்கில வழி என்று குறித்துவிட்டால் முகப்புத் தாளிலும் அந்தப் பிழையே வரும்.

என் பிழை நான்காவது வகை. ஒரு மாணவியின் தாய் பெயருக்குப் பதிலாக அவளுடைய சித்தியின் பெயர் எமிஸில் இருந்தது. கீழ் வகுப்பில் யாரோ ஏற்றியது. நான் அவள் பெயரைப் பார்த்தேன், பிறந்த தேதியைப் பார்த்தேன், அப்பா பெயரைப் பார்த்தேன்; அம்மா பெயரைப் பார்க்கவில்லை. சான்றிதழ் வந்தபிறகு, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரிந்தது. பள்ளியிலிருந்து கடிதம், மேல் அலுவலகக் கையெழுத்து, சென்னைக்குக் கோப்பு, பதிலுக்குக் காத்திருப்பு என்று திருத்தம் முடிய ஐந்து மாதம் ஆனது. அவள் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். ஒவ்வொரு முறை வரும்போதும் அவருக்கு ஒரு நாள் கூலி போனது. ஒருமுறைகூட என்னைக் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரிபார்க்கும் முறையைச் சொல்கிறேன். திரையில் பார்க்காதீர்கள், அச்செடுங்கள். ஒருவர் ஆவணத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக வாசிக்க, இன்னொருவர் அச்சுப் படியில் பென்சிலால் குறித்துக்கொண்டே வர வேண்டும். இது முதல் சுற்று. இரண்டாவது சுற்றில் மாணவரையே உட்காரவைத்துத் தன் வரியைப் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாவதாகப் பெற்றோர். அவர்களுக்குப் படிக்க வராது என்றால் நீங்கள் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். "நீங்க பாத்தா சரிதான் டீச்சர்" என்பார்கள். அந்த நம்பிக்கைக்காகவே வாசித்துக் காட்ட வேண்டும்.

எங்கள் பள்ளியில் அந்த ஆண்டு 92 பேர். ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. கணக்குப் போட்டால் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். நடுநடுவே தளம் நின்றுபோனால் அது தனி. பகல் முழுக்க எல்லாப் பள்ளியும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பதால் இரவு ஒன்பதுக்கு மேல்தான் வேகமாக இயங்கும். காலை ஆறு மணிக்கு எழுந்து செய்வது அதைவிட நல்லது என்பது என் அனுபவம். தூக்கக் கலக்கத்தில் தட்டியதில்தான் எனக்குப் பிழை அதிகம்.

புகைப்படத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொருவரையும் ஸ்டூடியோவுக்கு அனுப்பினால் 92 விதமான அளவில் படம் வரும், காசும் பிள்ளைகள் தலையில் விழும். வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தி ஒரே கைப்பேசியில் எடுத்து, தளம் கேட்கும் அளவுக்குச் சுருக்கினால் ஒரு மதியத்தில் முடியும். படத்தின் கோப்புப் பெயராக எமிஸ் எண்ணையே வையுங்கள். பெயரை வைத்தால் இரண்டு பிரியா, மூன்று கார்த்திக் இருக்கும் வகுப்பில் முகம் மாறிவிடும்.

4. சலுகை தேவைப்படும் பிள்ளைகள்: ஜூனிலேயே தொடங்குங்கள்

நான் கேட்டுக்கொள்வதில் முக்கியமானது இது. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, கை இயக்கக் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் சலுகை உண்டு. கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதும் ஆசிரியர், மொழிப்பாட விலக்கு, தரைத்தளத்தில் அறை என்று குறைபாட்டுக்கு ஏற்ப மாறும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. 'சோம்பேறி', 'கையெழுத்து மோசம்' என்று நாம் ஒதுக்கிவைக்கும் பிள்ளைகளில் சிலர் உண்மையில் இந்த வகை.

சலுகை தானாக வராது. பள்ளி விண்ணப்பிக்க வேண்டும். கோப்பில் தலைமை ஆசிரியரின் பரிந்துரை, பெற்றோரின் மனு, அரசு மருத்துவமனை மருத்துவச் சான்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, புகைப்படம் ஆகியவை இருக்க வேண்டும். இதில் மருத்துவச் சான்றுதான் நாளை இழுக்கும். குறிப்பிட்ட நாளில்தான் மருத்துவக் குழு கூடும். அன்று மருத்துவர் இல்லையென்றால் அடுத்த முறைதான். கற்றல் குறைபாடு என்றால் சோதனைக்கே இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும்.

அதற்கும் முன்னால் இன்னொரு தாமதம் உண்டு. பெற்றோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "என் பையனுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர், கொஞ்சம் மெதுவா எழுதுவான், அவ்வளவுதான்" என்று ஓர் அம்மா என்னிடம் மூன்று முறை சொன்னார். நான்காவது முறை அவனுடைய பழைய விடைத்தாள்களை எடுத்துக் காட்டினேன். வாயால் கேட்டபோது எட்டுக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னவன், எழுத்தில் இரண்டைத்தான் தொட்டிருந்தான். அவர் நெடுநேரம் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" என்று கேட்டார். ஆக, பேசுவதற்கே ஒரு மாதம் ஒதுக்குங்கள். மற்ற பெற்றோர் முன்னிலையில் இதைப் பேசாதீர்கள்.

ஆணை வந்த பிறகும் வேலை முடிவதில்லை. தேர்வு பிற்பகல் 1.15க்கு முடிகிறது என்றால் இந்தப் பிள்ளைக்கு 2.15. அதுவரை சாப்பிடாமல் இருக்க வேண்டும். கூட வந்தவர்கள் போயிருப்பார்கள். வழக்கமான பஸ் தவறும். வீட்டிலிருந்து யார் வந்து அழைத்துப்போவது என்று முன்பே பேசிவையுங்கள். சொல்வதை எழுதப் பழகுவதும் தனிப் பயிற்சி. வாயால் விடை சொல்லி, இன்னொருவர் எழுதும் வேகத்துக்கு நின்று சொல்லத் தெரிய வேண்டும். திருப்புதல் தேர்வுகளிலேயே ஓர் ஆசிரியரை உட்காரவைத்துப் பழக்குங்கள். நேரே மார்ச்சில் போய் உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் தடுமாற்றத்திலேயே போய்விடும்.

5. கட்டணமும் கைக்காசும்

தமிழ் வழியில் படிப்பவர்களுக்குத் தேர்வுக் கட்டண விலக்கு உண்டு. விலக்கு உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பட்டியலைத் தனியே பிரித்து, வாங்கும் தொகைக்கு ரசீது கொடுங்கள். சுற்றறிக்கையில் உள்ள தொகைக்கு மேல் 'இதர செலவு' என்று ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம்.

பேசப்படாத செலவு ஒன்று இருக்கிறது. அச்செடுப்பது, நகலெடுப்பது, கோப்பு வாங்குவது, அலுவலகத்துக்குப் போய்வரும் பஸ் கட்டணம், இணைய டேட்டா. முதல் ஆண்டில் நான் கணக்கே வைக்கவில்லை. அடுத்த ஆண்டு எழுதிவைத்தபோது என் கையிலிருந்து போனது இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல். ரசீதோடு கேட்டதும் பள்ளி நிதியிலிருந்து பெரும்பகுதி கிடைத்தது. கேட்கக் கூச்சப்படாதீர்கள், ரசீதை மட்டும் விடாமல் வாங்கி வையுங்கள்.

6. அறிவியல் செய்முறை

அறிவியலில் எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. தேர்ச்சிக்கு எழுத்தில் 20, செய்முறையில் 15 தேவை. செய்முறைக்கு வராத பிள்ளை எழுத்தில் எவ்வளவு எடுத்தாலும் சிக்கல்தான். நீண்ட நாள் வராத மாணவர் யார் யார் என்று ஜனவரியிலேயே பட்டியல் எடுத்து வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கைப்பேசியில் அழைத்தால் 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றே வரும். எங்கள் ஊரில் இரண்டு பையன்கள் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் வண்டியில் போய் அழைத்துவந்தார். ஒருவன் தேர்ச்சி பெற்றான்.

7. ஹால் டிக்கெட் வந்ததும்

பதிவிறக்கியதும் கொடுத்துவிடாதீர்கள். பெயர், பிறந்த தேதி, படம், பாடம், பயிற்று மொழி, மைய எண் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒப்பிட்டு, தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நாள் காலையில் யாராவது ஒருவர் வீட்டில் மறந்துவிட்டு வருவார்.

கொடுக்கும் அன்றே விதிகளையும் சொல்லுங்கள். கைப்பேசி கூடாது. நீலம் அல்லது கறுப்பு மைப் பேனா மட்டும். சரியாக எழுதவில்லை என்று மனம் உடைந்து மொத்த விடைகளையும் தானே கோடிட்டு அடித்துவிட்டால் அது ஒழுங்கீனமாகக் கருதப்பட்டு, அடுத்த இரண்டு பருவங்களுக்குத் தேர்வு எழுத முடியாமல் போகும். இது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது. 'அடிக்காதே, அப்படியே விட்டுவிட்டு வா, துணைத்தேர்வு இருக்கிறது' என்று நான் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு முறை சொல்கிறேன்.

8. உங்கள் பள்ளியே தேர்வு மையம் என்றால்

வேலை இரட்டிப்பாகும். ஓர் அறைக்கு 20 பேர் என்பது கணக்கு. பெஞ்சு ஆடுகிறதா, மின்விசிறி ஓடுகிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று இரண்டு வாரம் முன்பே பாருங்கள். சுவரில் இருக்கும் பாடம் தொடர்பான படங்களை எடுத்துவிட வேண்டும் அல்லது மறைக்க வேண்டும்.

பெரிய வேலை முகப்புத் தாள் தைப்பது. மாணவரின் படமும் பார்கோடும் உள்ள டாப் ஷீட்டை விடைத்தாளோடு சேர்த்துத் தேர்வுக்கு முன்பே தைக்க வேண்டும். கணக்குக்குக் கிராஃப் தாள், சமூக அறிவியலுக்கு வரைபடங்கள் என்று பாடத்துக்கு ஏற்பச் சேர்க்க வேண்டியதும் உண்டு. தையல் எந்திரத்தோடு ஆள் வருவார். அவர் வருவதற்கு முந்தைய நாளே பாடவாரியாக, எண் வரிசையாக அடுக்கி முடித்திருங்கள். எந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு சரிபார்க்க நேரம் இருக்காது. கணக்கு டாப் ஷீட்டை அறிவியல் கட்டில் தைத்துவிட்டால் பிரிக்கும்போது தாள் கிழியும். தைத்ததை எண்ணி, பாடவாரியாகக் கட்டி, பூட்டுள்ள அறையில் வைத்து, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை எழுதிவையுங்கள்.

9. அறைக் கண்காணிப்பாளராகப் போகும் நாள்

உங்களை வேறு பள்ளிக்குத்தான் போடுவார்கள். உங்கள் பாடத் தேர்வு நடக்கும் அன்று உங்களுக்கு அறை இருக்காது. எந்த அறை என்பது அன்று காலை குலுக்கலில்தான் தெரியும். கைப்பேசியை ஒப்படைத்துவிட வேண்டியிருக்கும். ஆகவே கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் மையத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கால அட்டவணை இது: 10.00க்கு வினாத்தாள், 10.10 வரை படிக்கும் நேரம், 10.15 வரை முகப்புத் தாள் விவரங்களைச் சரிபார்க்கும் நேரம், 10.15 முதல் 1.15 வரை எழுதும் நேரம். வினாத்தாள் உறை முத்திரை குலையாமல் இருப்பதை இரண்டு மாணவர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பின்னரே பிரிக்க வேண்டும். பதற்றத்தில் முதலில் பிரித்துவிட்டுக் கையெழுத்துக்குத் தேடுவது புதியவர்கள் செய்யும் தவறு.

10.10க்கும் 10.15க்கும் இடைப்பட்ட ஐந்து நிமிடத்தில் உட்காராதீர்கள். இருபது பேரின் டாப் ஷீட் படத்தையும் முகத்தையும் ஹால் டிக்கெட்டையும் பார்த்துவிடலாம். வராதவர் எண்ணை உடனே குறியுங்கள். கூடுதல் தாள் கொடுத்தால் அந்தக் கணமே பதியுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றால் எண் விட்டுப்போகும்.

முடிவு மணி அடித்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். யாரையும் வெளியே விடுவதற்கு முன் தாள்களை எண்ணுங்கள். இருபது என்று கைக்கு வந்த பிறகே கதவு. ஒருமுறை எனக்குப் பத்தொன்பதுதான் வந்தது. ஒரு பையன் விடைத்தாளை வினாத்தாளுக்குள் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். தெரிந்து செய்ததில்லை, பயத்தில் அவனுக்கே தெரியவில்லை. கதவு திறந்திருந்தால் அவன் நிலை என்ன ஆகியிருக்கும்!

10. உங்கள் மணிக்கணக்கை எழுதிவையுங்கள்

ஒரு சிறிய நோட்டில் தேதி, வேலை, நேரம் என்று மூன்றே பத்தி. என் இரண்டாம் ஆண்டுக் கணக்கு: பெயர்ப்பட்டியல் 18 மணி, திருத்தச் சுற்றுகள் 9, சலுகைக் கோப்புகள் 12, செய்முறை ஏற்பாடு 14, ஹால் டிக்கெட்டும் பெற்றோர் கூட்டமும் 6. கூட்டினால் 59 மணி நேரம். தேர்வு நாட்கள் இதில் சேரவில்லை. நாற்பது நிமிடப் பாடவேளையாக மாற்றினால் 88 பாடவேளை. வாரத்துக்கு 28 பாடவேளை எடுக்கும் எனக்கு அது மூன்று வாரத்துக்கும் மேலான கற்பித்தல்.

அதில் பாதியை வீட்டில் செய்தேன். மீதி வகுப்பிலிருந்து போனது. நான் பட்டியல் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஏழாம் வகுப்பு தனியாக உட்கார்ந்து கணக்கை எழுதிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு அவர்களுக்கு இயற்கணிதம் சரியாகப் பதியவில்லை என்பது எட்டாம் வகுப்பில் தெரிந்தது.

இந்த நோட்டை எச்.எம்.மிடம் காட்டினேன். புகாராகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் வைத்தேன். அவருக்கும் அப்போதுதான் அளவு புரிந்தது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வாரம் நான்கு பாடவேளையைக் குறைத்தார், தட்டச்சு தெரிந்த இன்னொரு ஆசிரியரைச் சேர்த்தார். 'வேலை அதிகம்' என்று பொதுவாகச் சொன்னபோது கிடைக்காதது எண்ணைக் காட்டியதும் கிடைத்தது. பழைய ஆண்டு எண்கள் வேண்டுமானால் என்னுடையதையே எடுத்துக்கொண்டு ஜூனிலேயே பேசுங்கள்.

11. முடிவு வந்த பிறகு

தற்காலிக மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே ஒவ்வொருவரின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, தாய் தந்தை பெயர் ஆகியவற்றை மாணவரை எதிரே வைத்துக்கொண்டு வாசியுங்கள். அசல் சான்றிதழ் அச்சாவதற்கு முன்னால் திருத்தத்துக்குக் கேட்கும் வாய்ப்பு அப்போதுதான் இருக்கிறது. தேர்ச்சி பெறாதவர்களை அதே நாளில் தொடர்புகொண்டு துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்க வையுங்கள்; கடைசித் தேதி சீக்கிரம் வந்துவிடும், வெட்கப்பட்டுப் பள்ளிப் பக்கமே வராதவர்கள் அதைத் தவறவிடுவார்கள். வீட்டுக்கு நீங்களே போவது நல்லது.

ஆவணக் கோப்பைக் கட்டி வைக்கும்போது அடுத்த பொறுப்பாளருக்காக முதல் பக்கத்தில் மூன்று விவரம் எழுதுங்கள்: எந்தக் கைப்பேசி எண் பதிவாகியிருக்கிறது, எந்தெந்த மாணவர் பெயரில் திருத்தம் இன்னும் முடியவில்லை, ஒன்பதாம் வகுப்பில் யாருக்குச் சலுகைக் கோப்பு தொடங்க வேண்டும். என் கோப்பில் மூன்றாவது வரியில் இந்த ஆண்டு நான்கு பெயர் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கு நேற்று மாலை போய்ப் பேசிவிட்டு வந்தேன்.